பாயான் லெப்பாஸில் கட்டண வரிசை வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பினாங்கின் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தின் விரிவாக்க வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்கு 65 லட்சம் பேருக்கென்று இருக்கும் முனையத்தில் 2019ஆம் ஆண்டிலேயே 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோனார்கள். வேலை முடிந்தபின் 1 கோடியே 20 லட்சம் பேர் வரை தாங்கும் என்கிறார்கள். தீவில் இருப்பவர்களும், எங்களைப் போல் பாலம் தாண்டிப் போகிற செபராங் பிறைக்காரர்களும் வெகுகாலமாகக் கேட்டுவந்தது இது. கடைகள் எங்கே, கார் நிறுத்துமிடம் எங்கே என்று வரைபடம் போடுகிறவர்கள், பாதுகாப்புச் சோதனைக்குக் காசு வாங்கிக்கொண்டு முன்னால் விடும் 'பாஸ்ட் டிராக்' வரிசைக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கிவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். கட்டி முடித்தபின் கத்திப் பயனில்லை.

இல்லாததைச் சொல்லிப் பயமுறுத்துகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் லூட்டன், மான்செஸ்டர், ஸ்டான்ஸ்டெட் விமான நிலையங்களில் இந்தக் கட்டண வரிசை சாதாரண வியாபாரம். மலிவு டிக்கெட்டில் போகிறவரும் சில பவுண்டுகள் கூடுதலாகக் கட்டினால் சோதனைக்குத் தனி வரிசையில் போய்விடலாம். டப்ளினிலும் உண்டு. அமெரிக்காவில் 'கிளியர்' என்ற தனியார் நிறுவனம் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 டாலர் வாங்கிக்கொண்டு, உறுப்பினர்களை அடையாளச் சோதனை வரிசையின் முன்னுக்கே அழைத்துப்போய் நிறுத்துகிறது. இப்படிப் பொது வரிசையில் நிற்பவர்களைத் தாண்டிக் கொண்டுபோகக் கூடாது, வேண்டுமானால் தனிப் பாதை வைத்துக்கொள்ளட்டும் என்று கலிபோர்னியா மாநில செனட்டர் ஜோஷ் நியூமன் 2024இல் ஒரு மசோதா கொண்டுவந்தார். பெரிய விமான நிறுவனங்கள் எதிர்த்தன, மசோதா நிறைவேறவில்லை. விற்கத் தொடங்கிய வரிசையைத் திரும்பப் பெறுவது அவ்வளவு லேசில்லை.

வணிக வகுப்புக்காரர்களுக்குக் கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ-வில் ஏற்கெனவே தனி வரிசை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அகலமான இருக்கை, நல்ல சாப்பாடு, ஓய்வறை எல்லாம் விமான நிறுவனத்தின் சரக்கு. அதை என்ன விலைக்கு வேண்டுமானாலும் விற்கட்டும், எனக்கு வழக்கில்லை. சோதனைக் கருவி அவர்கள் சரக்கா? இடுப்புவாரைக் கழற்று, பையைத் திற என்று நம்மிடம் சொல்ல அங்கே நிற்பவர்களுக்கு அதிகாரம் கொடுத்தது சட்டம். மறுத்தால் பயணமில்லை. எல்லாரையும் கட்டாயப்படுத்தி நிற்க வைத்துவிட்டு, சீக்கிரம் விட வேண்டுமென்றால் காசு கொடு என்பது எந்த ஊர் நியாயம்?

பினாங்குக்காரர்களுக்கு இந்தச் சோதனை ஏன் வந்தது என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1977 டிசம்பர் 4 அன்று மாலை இதே பாயான் லெப்பாஸிலிருந்து கோலாலம்பூருக்குப் புறப்பட்ட மலேசிய விமானம் எம்.எச். 653 நடுவானில் கடத்தப்பட்டது. சுபாங் விமான நிலையத்தில் இறங்க வேண்டியது சிங்கப்பூர் நோக்கித் திரும்பி, ஜொகூரில் தஞ்சோங் கூப்பாங்கில் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 100 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அப்போதைய விவசாய அமைச்சர் அலி ஹாஜி அகமது அதில் இருந்தார், கியூபா நாட்டுத் தூதர் ஒருவர் இருந்தார், சாதாரணக் குடும்பங்களும் இருந்தன. செய்தது யார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. ஏறுகிற ஒருவரைச் சரியாகப் பார்க்காமல் விட்டால், முதல் வரிசையில் இருப்பவருக்கும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஒரே கதிதான். எனக்கு முன்னால் நிற்பவரைச் சோதிப்பதில் என் உயிரும் அடங்கியிருக்கிறது. அந்த வேலையில் வாடிக்கையாளர் என்றும் வெறும் பயணி என்றும் இரண்டு சாதி ஏன்?

பணம் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். உள்நாட்டுப் பயணத்துக்குப் பல ஆண்டுகளாகப் பயணிகள் சேவைக் கட்டணம் 11 வெள்ளி. அதற்கு மேல் ஒழுங்குமுறைக் கட்டணம் 1 வெள்ளி. 2019 செப்டம்பரிலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்குப் புறப்பாட்டு வரி. சிக்கன வகுப்பில் ஆசியானுக்குள் 8 வெள்ளி, அதைத் தாண்டினால் 20 வெள்ளி. உயர் வகுப்பில் போகிறவர்களுக்கு 50, 150. (வசதியுள்ளவரிடம் அரசாங்கம் கூடுதலாக வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். அந்த வரியைக் கட்டியதற்காக யாரும் யாரையும் தாண்டிப் போவதில்லை.)

எனக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. பொது வரிசை நீளமில்லாமல் இருந்தால் கட்டண வரிசையை யார் வாங்குவார்கள்? பொது வரிசை வளைந்து வளைந்து கழிவறை வாசல் வரை போனால்தான் அதற்கு மவுசு. காலை ஏழு மணிக்கு இன்னொரு சோதனைக் கருவியைத் திறக்க ஆள் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற நிர்வாகமே கட்டண வரிசையையும் விற்றால், அந்த முடிவு எந்தப் பக்கம் சாயும்? யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ய வேண்டியதில்லை, கணக்குப் பிரிவில் இருப்பவர் ஒருமுறை பெருமூச்சு விட்டால் போதும். விற்பவர் புதிதாக எந்த நேரத்தையும் உண்டாக்கித் தருவதில்லை. ஒருவருக்குக் கொடுக்கும் பத்து நிமிடம் பின்னால் நிற்கும் பத்துப் பேரிடமிருந்து ஒவ்வொரு நிமிடமாகப் பிடுங்கியதுதான். அந்தப் பத்துப் பேருக்கும் பங்கு எதுவும் வருவதில்லை.

கோயிலில் சிறப்பு தரிசனச் சீட்டு இல்லையா, திருப்பதியில் 300 ரூபாய் கொடுத்துப் போகிறோமே என்று ஒரு நண்பர் மடக்கினார். அதுவே சரியா என்பது தனி வழக்கு. ஆனால் பெருமாள் யாரையும் சட்டம் போட்டு வரிசையில் நிறுத்தவில்லையே.

பாயான் லெப்பாஸை நடத்தும் மலேசியா ஏர்போர்ட்ஸ் நிறுவனம் 2025 பிப்ரவரியில் பங்குச் சந்தையிலிருந்து விலகி, அரசு முதலீட்டு நிறுவனமான கஸானா, ஊழியர் சேமநிதி வாரியம் ஆகியவற்றோடு வெளிநாட்டு முதலீட்டாளர்களும் சேர்ந்த கூட்டமைப்பின் கைக்குப் போனது. சேமநிதிக்கு மட்டும் அதில் 30 விழுக்காடு. கட்டண வரிசையால் வருமானம் கூடி நமக்கு லாப ஈவு கூடுமே என்று நாளை யாராவது சொல்லக்கூடும். பிறை தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்க்கும் தொழிலாளியின் பணத்துக்கு விமான நிலையம் சொந்தம், அவரோ அதே விமான நிலையத்தில் நீண்ட வரிசையில். வேடிக்கையாகத்தான் இருக்கும்.

நம் நாட்டில் முகப்பிடம் விலைபோன கதை ஏற்கெனவே ஒன்று உண்டு. காசு வாங்கிக்கொண்டு குடிநுழைவு முகப்பிடத்தில் ஆட்களை விடும் 'கவுண்டர் செட்டிங்' விவகாரத்தில் 2024இல் ஊழல் தடுப்பு ஆணையம் குடிநுழைவு அதிகாரிகள் பலரைக் கைது செய்தது. சட்டப்படி ரசீது கொடுத்து விற்பது வேறு, அது வேறு என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எல்லையிலும் சோதனை மேடையிலும் நிற்கும் ஊழியருக்கு, காசு கொடுத்தவர் வேறு மாதிரி ஆள் என்ற எண்ணத்தையே பழக்கக் கூடாது.

வரிசையைக் குறைக்க வழியே இல்லையென்றால் பேசலாம். குடிநுழைவில் ஆட்டோகேட் என்ற தானியங்கி வாயில் வந்தபின் கடப்பிதழை வைத்துவிட்டு நடந்துபோகிறோம், யாரும் காசு கேட்கவில்லை. இந்தியாவில் முகத்தைப் பார்த்து உள்ளே விடும் டிஜியாத்ரா முறை 2022 டிசம்பரில் தொடங்கியது. முகத்தைப் பதிந்து வைப்பது பற்றிய கேள்விகள் அதில் நிறையவே உண்டு, கட்டணம் மட்டும் கிடையாது. லண்டன் சிட்டி விமான நிலையம் 2023இல் புதிய வகை ஸ்கேனர்களை வைத்தபின் மடிக்கணினியையும் திரவப் பொருட்களையும் பையிலிருந்து வெளியே எடுக்கும் வேலையே இல்லை. பாயான் லெப்பாஸில் அதற்குச் செலவு செய்யட்டும், வரவேற்கிறேன்.

தனி வரிசையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் இண்டிகோ இங்கிருந்து சென்னைக்கு நேரடிச் சேவை தொடங்கியது. அந்த விமானத்துக்கு வருகிறவர்களைப் பாருங்கள். முதல்முறை பறக்கும் பாட்டி, கழற்ற வராத வளையல், பேரனுக்கென்று கட்டிய ஊறுகாய் போத்தல், அதை ஏன் எடுத்துக்கொள்கிறார்கள் என்று புரியாத தவிப்பு. சக்கர நாற்காலியில் வருகிறவர், கைக்குழந்தைக்காரி, மற்றொரு விமானம் தாமதமாகி ஓடிவருகிறவர் எல்லாருக்கும் தனி வழி வேண்டியதுதான். அவர்களுக்குக் காசு கேட்காமல் திறந்துவிடுங்கள்.

விமானப் பயணிகளின் புகார்களைக் கவனித்துவந்த மாவ்கோம் 2025 ஆகஸ்ட் 1 முதல் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தோடு இணைந்துவிட்டது. இனிக் கேட்க ஓர் இடம் போதும். புதிய முனையத்தில் பாதுகாப்புச் சோதனைக்குக் கட்டண வரிசை இருக்காது என்று ஆணையம் எழுத்தில் சொல்ல வேண்டும். கே.எல்.ஐ.ஏ-வில் 2018 முதல் சேவைத் தரத்தை அளந்து, தவறினால் அபராதம் போடும் முறை இருக்கிறது. வரிசையில் காத்திருக்கும் நேரமும் அதில் சேரும். பாயான் லெப்பாஸில் அந்த நேரத்தைப் பயணிகள் கண்ணில் படும்படி வாராவாரம் எழுதி வைக்கட்டும். அப்படி வைக்கும்போது முன்னுரிமை வரிசையில் போனவர்களைக் கணக்கில் கலந்து சராசரி காட்டாமல், பொது வரிசையின் நேரத்தைத் தனியாகவே போட வேண்டும்.

இப்படிக்கு,
பயணி வாசகர் ஒருவர்,
கெப்பாலா பத்தாஸ், பினாங்கு.