குதிரை சரி, கொள்ளு?

பக்கத்து சீட் நண்பர், மனைவி எடுத்த சீட்டுப் பணம் நாலு லட்சத்தை வைத்துக்கொண்டு பழைய போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. தேடுகிறார். சீட்டில் இன்னும் பதினோரு தவணை பாக்கி!

'பிக்கப் பிச்சுக்கிட்டுப் போகுது சார்!' என்கிறார். போகும்தான். 1.2 லிட்டர் எஞ்சினில் 105 குதிரை. பிரச்னை குதிரையில் இல்லை, கொள்ளில்.

டர்போ என்பது சைலன்ஸருக்குப் போகிற புகையில் சுற்றும் காற்றாடி. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது மெல்லிசான ஆயில் படலம். பழைய ஓனர் ஆயில் மாற்றுவதில் கஞ்சத்தனம் பண்ணியிருந்தால், பில் உங்கள் பேருக்கு வரும். அதனால் சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். காலையில் எஞ்சின் சில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணுங்கள். நீலப்புகை வந்தால் நடையைக் கட்டுங்கள். நீங்கள் போகும்முன்பே சூடாக்கி வைத்திருந்தாலும் உஷார்! (பெண் பார்க்கப் போன இடத்தில் பஜ்ஜி சூடாக இருப்பது வேறு விஷயம்.)

அடுத்து கியர் பாக்ஸ். ஏழு கியர், இரட்டை கிளட்ச், அதுவும் ஆயிலில் நனையாத டிரை டைப். டிராஃபிக்கில் ஊர்ந்தே சூடாகும். மெதுவாக உருட்டும்போது உதறுகிறதா பாருங்கள். மெக்கட்ரானிக் யூனிட் போனால் செலவு லட்சத்தில்தான் பேசும்.

பி.காம். படித்தவன் கணக்கு இது: நாலு வருஷம் தாண்டினால் இன்ஷூரன்ஸில் காரின் மதிப்பில் பாதியைக் கழித்துவிடுவார்கள். ஸ்பேர் பார்ட்ஸுக்கு அந்தக் கழிவெல்லாம் கிடையாது. போலோ உற்பத்தியும் இங்கே 2022-ல் நின்றாச்சு.

எனவே நண்பரிடம் சொன்னேன்: மூன்று லட்சத்துக்குள் கார் கிடைத்தால் பாருங்கள், நாலாவது லட்சம் பாங்கிலேயே கிடக்கட்டும், மனைவி பேரில்.