மாங்காய்ப் பூட்டும் அடிக்குறிப்பும்

தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளும் வெளிவர 1954 முதல் 1968 வரை ஆயிற்று. பெரியசாமித் தூரன் தலைமையில் துறை அறிஞர்கள் எழுதினார்கள். அச்சேறிய பிழைக்கு அடுத்த பதிப்புதான் கதி. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ, செம்பட்டியில் வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் கைப்பேசியிலேயே திருத்திவிடலாம். யார் வேண்டுமானாலும் எழுதினால் குப்பை சேராதா? சேரத்தான் செய்கிறது. ஆனால் யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது வரலாற்றுப் பக்கத்தில் அப்படியே கிடக்கிறது. கலைக்களஞ்சியத்தில் பதிப்பாசிரியர் அடித்துப்போட்ட வரி எது என்று வாசகருக்குத் தெரிய வழியே இல்லை.

நம் குறை வேறு. எழுதும் கை மாறியது. எது அறிவு என்று நிறுக்கிற தராசு மாறவில்லை. விக்கியில் ஏறும் எதற்கும் ஏற்கெனவே வெளியான சான்று வேண்டும். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டையே எடுத்துக்கொள்வோம். லீவரை அரத்தால் ராவி, சாவியைப் போட்டுப் பார்த்து, மறுபடி ராவுகிறவருக்கு எங்கே நிறுத்துவது என்பதை விரல் சொல்லும். அதை அவர் பிள்ளையே விக்கியில் எழுதினாலும் ‘சான்று தேவை’ என்று குறி விழும். அதுவே செய்தித்தாளில் வந்துவிட்டால் சான்று. (2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்திக்குப் பஞ்சமில்லை.) நிருபர் போய்க் கேட்பதோ அதே பட்டறைக்காரரிடம்தான்.

அதற்காக விதியை எடுத்துவிட முடியாது. எடுத்தால் மறுநாளே ஒவ்வொரு சாதிக்கும் ஒரு பேரரசு முளைத்துவிடும். 2011இல் கேரளத்திலும் தென்னாப்பிரிக்காவிலும் விக்கி ஆர்வலர்கள் ஊராரின் பேச்சைப் பதிவுசெய்து, அந்த ஒலிப்பதிவையே சான்றாகக் காட்டிப் பார்த்தார்கள். ஏற்கலாமா கூடாதா என்று விக்கிக்காரர்களுக்குள்ளேயே வாக்குவாதம் ஆனது. தராசு இளகும்வரை பட்டறைப் பேச்சை அச்சுக்குக் கொண்டுவரும் வேலை சிற்றிதழ்களுடையது. சில நூறு பிரதி போடுகிற பத்திரிகை சான்றாகுமா என்று கேட்பார்கள், கேட்கவேண்டிய கேள்விதான். சொன்னவர் யார், எந்த ஊர், எப்போது சொன்னார் என்பதைச் சேர்த்து அச்சிட்டு, ஒலிப்பதிவைப் பத்திரப்படுத்தி, மறுப்பு வந்தால் அதையும் போட்டால் ஆகும். சின்னாளபட்டியில் இரண்டு சாயக்காரர்கள் சுங்குடிச் சாயத்துக்கு இரண்டு பக்குவம் சொன்னால், ஒன்றைப் பொறுக்கி எடுக்க நாம் யார்? இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரட்டும்.