பெயரா, கட்டணமா?

அமெரிக்காவில் குடியேறிய, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளை பொறியியல் கல்லூரி தேடும்போது அறிவிக்கப்பட்ட கட்டணத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. உதவித்தொகை போகக் கைக்காசு எவ்வளவு என்பதே கேள்வி. அதைக் கணித்துக் காட்டும் வசதியை 2011 முதல் கூட்டரசு நிதியுதவித் திட்டத்தில் உள்ள கல்லூரிகள் இணையதளத்தில் வைத்தாக வேண்டும். எம்.ஐ.டி.க்கும் விண்ணப்பிக்கட்டும், ஆனால் அண்மை ஆண்டுகளில் அங்கே நூற்றில் ஐந்து பேருக்குக்கூட இடமில்லை. பட்டியலின் அடித்தளம் சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகமே.

பெயரில்லாத கல்லூரியில் படித்தால் வேலை கிடைக்குமா என்பார்கள். பெயருக்கு மதிப்பு உண்டுதான். ஆனால் பொறியாளர் உரிமத்துக்கு மாநில வாரியங்கள் முதலில் பார்ப்பது, பொறியியல் படிப்புகளை மதிப்பிடும் ஏபெட் அமைப்பின் அங்கீகாரம். சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிவில் படிப்புக்கும் அது உண்டு. உண்மையான ஆபத்து வேறு: செலவைக் குறைக்க முதலில் ஈராண்டுச் சமூகக் கல்லூரியில் படித்த இயற்பியல் தாள், மாறிச் சேரும் இடத்தில் செல்லாமல் போனால் இன்னொரு பருவம், இன்னும் சில மாத வாடகை. கலிஃபோர்னியாவில் ‘அசிஸ்ட்’ தளத்தில் இதை முன்கூட்டியே, தாள் தாளாகச் சரிபார்க்கலாம்.