அம்மா ஸ்கூட்டரும் ஜல்லி ரோடும்



“ஸ்கூட்டர்ல ஜவ்வாது மலைக்கா? பால் பாக்கெட் வாங்கற வண்டிடா அது!” போன லீவில் போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகிறேன் என்று சொன்னபோது ஹாஸ்டலே சிரித்தது. போய்விட்டும் வந்தேன். ஆனால் அதற்கு முந்தின வருஷம் இதே வண்டியில் ஒரகடம் பக்கம் சர்வீஸ் ரோட்டில் விழுந்து முழங்கை கிழிந்ததையும் சொல்லத்தான் வேண்டும். லாரியிலிருந்து சிந்திக் கிடந்த ஜல்லி. பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தேன். முன் டயரோ வழுக்கை. தப்பு ரோட்டின் மேல் பாதி, என் மேல் பாதி!

என் கட்சி இதுதான்: ஜல்லி ரோட்டுக்கு ஸ்கூட்டர் லாயக்கில்லை என்பது முழு உண்மையில்லை. தயார் பண்ணாத ஸ்கூட்டர்தான் லாயக்கில்லை.

முதலில் எதிர்க்கட்சியின் நியாயத்தைக் கேட்போம். நம் வட்டாரத்திலேயே, 2013-ல் தொடங்கிய ஒரகடம் ஆலையை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு, 2016-ல் ‘ஹிமாலயன்’ வண்டியை வெளியிட்டது. அதன் முன் சக்கரம் 21 அங்குலம். நம் ஸ்கூட்டருக்கு 12 அல்லது 10. முதல் வருஷ மெக்கானிக்ஸை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். சக்கர மையத்திலிருந்து நேர் கீழே ஒரு கோடு, எதிரே கிடக்கும் 50 மி.மீ. கல்லின் உச்சிக்கு ஒரு கோடு. 90/90-12 டயரில் இந்த இரண்டுக்கும் நடுவே சுமார் 38 பாகை. 90/90-21 டயரில் 31 பாகை. கோணம் கூடினால் சக்கரம் கல்லின் மேல் ஏறாது, மோதும். ஆக, பெரிய சக்கரக்காரன் போகும் வேகத்தில் நாம் போகக்கூடாது. கணக்கே சொல்கிறது!

சரி, தயாரிப்பு என்ன?

டயர்: தேய்மானக் குறியைத் தொட்டுவிட்டால் மாற்று. ஜல்லியில் கம்பெனி சொன்ன காற்றிலிருந்து இரண்டு பவுண்டு குறைக்கலாம், பிடிப்பு கூடும். ரொம்பக் குறைத்தால் ரிம் அடிவாங்கும், டியூப் இருந்தால் நசுங்கிக் கிழியும். தார் ரோடு வந்ததும் மறுபடி ஏற்று.

பிரேக்: 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த ஸ்கூட்டர்கள் பலவற்றில் கூட்டு பிரேக் இருக்கிறது. இடது லீவரைப் பிடித்தால் முன் சக்கரமும் கொஞ்சம் பிடிக்கும். பின் பிரேக் மட்டும்தானே என்று ஜல்லியில் அழுத்தாதே. விட்டு விட்டுப் பிடி. மலை இறக்கத்தில் இன்னொன்று: வேகம் ரொம்பக் குறைந்தால் நம் கிளட்ச் தானே விட்டுவிடும், என்ஜின் இழுத்துப் பிடிக்காது. எல்லாச் சுமையும் பிரேக் ஷூவுக்குத்தான். கிளம்பும் முன் அதன் தேய்மானத்தைப் பார்.

தூசி: ஏர் ஃபில்டர் எண்ணெய் தோய்ந்த காகிதமாக இருந்தால் ஊதிச் சுத்தம் செய்யக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். பெல்ட் கவரைக் கழற்றி பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா பார். நடுக்காட்டில் பெல்ட் அறுந்தால் தள்ளுவதைத் தவிர வேறு வழியில்லை மச்சி!

சுமை: மூட்டையைப் பின்னால் உயரமாகக் கட்டினால் முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். கனமானதைக் காலடித் தளத்தில், கால் வைக்க இடம் விட்டுக் கட்டு. பைக்காரனுக்கு இல்லாத வசதி இது.

நட்டு போல்ட்டு: இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. இன்-பிளான்ட் டிரெயினிங்கில் பார்த்திருப்பீர்கள். டார்க் ரெஞ்சால் முறுக்கியவுடன் நட்டின் மேல் பெயிண்டால் ஒரு கோடு போடுவார்கள். நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். சேர்மனின் காருக்கும் அதே கோடுதான், கூலிக்காரர் வண்டிக்கும் அதே கோடுதான். ஆனால் தினமும் நாம் ஏறிப்போகும் வண்டியில் ஒரு கோடாவது உண்டா? ஆக்ஸில், சைலன்சர், ஷாக் அப்சார்பர், ஸ்டாண்டு என்று நான் பத்து இடத்தில் போட்டேன். மலையிலிருந்து இறங்கியபோது இரண்டு கோடு உடைந்திருந்தது. ஒன்று, பின் ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்!

நம்மில் பலர் எதற்குச் செலவு பண்ணுகிறோம்? கண்ணைக் கூசும் எல்.இ.டி., ஊரைக் கூட்டும் சைலன்சர். டயர் கேட்டால் மட்டும் “அடுத்த மாசம்”. வெளியே பகட்டு, உள்ளே வழுக்கை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றார்கள் பெரியவர்கள். நாம் டயர் தெரியாமல் வண்டியை விடுகிறோம்.

இது டூர் போகிறவனுக்கு மட்டும் சொன்னதில்லை. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ரோட்டில் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் ஸ்கூட்டரில் வீடு திரும்பும் அண்ணன்களையும் அக்காக்களையும் பாருங்கள். அவர்களுக்கு லடாக் வேண்டாம். லாரி சிந்திய ஜல்லியும் தோண்டிப்போட்ட ரோடும் தினமும் இங்கேயே இருக்கிறது. நாளை நாமும் அந்த ஷிஃப்ட்டில்தான் இருப்போம்.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு லீவுக்கும் முந்தின சனிக்கிழமை, ஆசிரியர் அனுமதியோடு வொர்க் ஷாப்பில் ஒரு வண்டிப் பரிசோதனை நடத்துவோம். காற்று மீட்டர் ஒன்று, டார்க் ரெஞ்ச் ஒன்று, வெள்ளை பெயிண்ட் மார்க்கர் ஒன்று. அக்கம்பக்கத்துக்காரர்களின் வண்டியும் வரட்டும்.

டிப்ளமோ சர்டிபிகேட் சுவரில் தொங்கட்டும். நம் அம்மா ஓட்டும் ஸ்கூட்டரின் ஆக்ஸில் நட்டில் முதல் கோடு விழட்டும்!

— இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு