கம்பி மேல் விழுந்த பழி

"பல்லுக்குக் கம்பி போட்டா இப்போ அழகாத்தான் இருக்கும். நாப்பது வயசுல எல்லாம் ஆடிப் போயிடும், பாத்துக்கோ." எத்துப்பல்லோடு இருக்கும் பிள்ளைக்கு மருத்துவர் க்ளிப் போடச் சொல்லிவிட்டார் என்றால், அந்த வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். பெரும்பாலும் பாட்டி, சில வீடுகளில் பக்கத்து வீட்டு அக்கா, இப்போது வாட்ஸ்அப். தனியாகவும் வராது இந்தப் பேச்சு. ஆசிட் வைத்து எனாமலை அரித்துவிடுவார்கள், ஈறு இறங்கிவிடும், நல்ல பல்லைப் பிடுங்குவார்கள், மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும், கழற்றியதும் பல் பழையபடி கோணிக்கொள்ளும் என்று ஒரு பட்டாளமே பின்னால் வரும்.

இவற்றில் சில சுத்தப் பொய். சிலவற்றில் உண்மை இருக்கிறது, ஆனால் பழி விழுவது தப்பான ஆள் மேல். ஒன்று, சொன்னால் மருத்துவர்களுக்கே கோபம் வரும், ஏறத்தாழ முழு உண்மை. அதனால் ஒட்டுமொத்தமாக "மூடநம்பிக்கை" என்று தள்ளிவிட முடியவில்லை.

பல் ஆடும் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். இது கண்ணால் கண்டதை வைத்துச் சொல்லப்படுவது. கம்பி போட்டிருக்கும் பிள்ளையின் முன்பல்லை விரலால் அசைத்தால் உண்மையிலேயே லேசாக அசையும். அதைப் பார்த்த பாட்டி பயப்படுவதில் தவறில்லை. நம் மனதில் பல் என்பது சுவரில் அறைந்த ஆணி. ஆட்டினால் ஓட்டை பெரிதாகும், பெரிதான ஓட்டை தானாக மூடாது. ஆனால் இந்தச் சுவருக்கு உயிர் இருக்கிறது. பல்லின் வேர் தாடை எலும்பை நேரடியாகத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. தடிமனில் நார்களாலான ஒரு சவ்வு இருக்கிறது. கம்பி பல்லைத் தள்ளும்போது அழுத்தம் விழுகிற பக்கம் எலும்பைக் கரைக்கும் செல்கள் கூடுகின்றன; நார்கள் இழுபடுகிற மறுபக்கம் எலும்பைக் கட்டும் செல்கள் கூடுகின்றன. முன்னால் இடம் விடப்படுகிறது, பின்னால் அடைக்கப்படுகிறது. பல் நகர்ந்து போகும் இடத்துக்கு அதன் குழியும் கூடவே போகிறது.

இது யாரோ ஊகித்துச் சொன்னதல்ல. சுவீடனின் கார்ல் சான்ட்ஸ்டெட் 1904-லேயே நாய்களின் முன்பற்களைக் கம்பியால் நகர்த்தி, அந்தத் திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். எலும்பு ஒரு பக்கம் கரைவதையும் மறுபக்கம் வளர்வதையும் கண்டார். விசை அதிகமானால் சவ்வு நசுங்கி அந்த இடத்துச் செல்கள் செத்துப்போவதையும் கண்டார். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பல்லை விரட்டக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். "டாக்டர், கொஞ்சம் டைட்டா வெச்சு சீக்கிரம் முடிச்சுடுங்க, கல்யாணம் வருது" என்று கேட்பவர்கள், தாங்கள் பயப்படும் கெடுதலைத் தாங்களே கேட்டு வாங்குகிறார்கள். சிகிச்சை நடக்கும் காலத்தில் சவ்வு கொஞ்சம் அகன்றிருக்கும். கையில் தெரியும் அசைவு அதுதான். கம்பியைக் கழற்றிய சில மாதங்களில் நார்கள் திரும்பப் பிடித்துக்கொள்ளும், பல்லும் இறுகிவிடும்.

கம்பிக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் சொல்லாமல் நழுவும் இடம் ஒன்றும் இங்கே உண்டு. பல் நகரும்போது வேரின் நுனி கொஞ்சம் மழுங்கலாம். பலருக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறையும். அதனால் பல்லின் ஆயுளுக்குப் பெரிய பங்கமில்லை. நூற்றில் ஒன்று முதல் ஐந்து பேருக்கு வேர் கணிசமாகக் குட்டையாகிவிடுவதும் நடக்கிறது. யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் சிகிச்சை நடுவில் ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். வேர் குறைவது தெரிந்தால் சில மாதம் விசையை நிறுத்திவைக்க வேண்டும், இல்லையென்றால் அத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும். அந்த எக்ஸ்ரேயைக் "காசு பிடுங்க" என்று தட்டிக்கழிக்காதீர்கள்.

அடுத்தது ஈறு. பாட்டியின் வாதத்தில் பலமான பகுதி இது. க்ளிப் போட்ட பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ஈறு சிவந்து வீங்கித்தான் இருக்கிறது, பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. ஆனால் வீங்கவைத்தது எது? 1965-ல் டென்மார்க்கின் ஓர்ஹுஸில் ஹரால்ட் லோ என்பவர் ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. யார் வாயிலும் கம்பி இல்லை. பல்லோரத்தில் படிந்த கிருமிப் படலம் மட்டும்தான் இருந்தது.

அதே லோ பிறகு இலங்கைக்கு வந்தார். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண் தொழிலாளர்களின் வாயை 1970 முதல் 15 ஆண்டு காலம் அவரது குழு தொடர்ந்து பார்த்தது. அவர்களுக்குப் பல் மருத்துவமும் கிடையாது, டூத் பிரஷ்ஷும் கிடையாது. எல்லார் பல்லிலும் காரை கெட்டியாகப் படிந்திருந்தது. 1986-ல் வந்த முடிவு: 8 சதவீதம் பேருக்குப் பல்லின் பிடிப்பு வேகமாக அழிந்திருந்தது, 81 சதவீதம் பேருக்கு நிதானமாக. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டி எதுவுமே ஆகவில்லை. வேகமாக அழிந்தவர்களுக்கு 35 வயதிலேயே சராசரியாக 9 மி.மீ. பிடிப்பு போய்விட்டிருந்தது. பல்லுக்கு இருக்கிற வேரில் பெரும்பகுதி அது. "நாப்பது வயசுல ஆடிப் போயிடும்" என்ற வசனம் அச்சு அசலாக நடந்த இடம் என்றால் இதுதான். அங்கே ஒருவருக்கும் க்ளிப் போட வழியே இருந்ததில்லை. (அந்த மக்களை 15 ஆண்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது சரியா என்ற கேள்வி எனக்கு உண்டு. அது தனியாகப் பேச வேண்டியது.)

அப்படியானால் கம்பிக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. 1977-ல் சுவீடனில் எரிக்சனும் திலாண்டரும் லிண்டேயும் நாய்களின் பற்களை ஒரே மாதிரி விசையால் சாய்த்தார்கள். சுத்தமாக வைத்திருந்த பற்கள் பத்திரமாக நகர்ந்தன. கிருமிப் படலம் சேர விட்ட பற்களிலோ, படலம் ஈறுக்கு மேலிருந்து ஈறுக்கு அடியில் இறங்கி எலும்பைத் தின்றது. கம்பியும் அதே, விசையும் அதே. அழுக்கு இருந்ததும் இல்லாததும்தான் வித்தியாசம். கம்பி தானாகக் கெடுப்பதில்லை. கெடுக்கிறதுக்கு ஒளிய இடம் கொடுக்கிறது, அதை ஆழத்துக்குத் தள்ளியும் விடுகிறது. ஈறில் ரத்தம் கசிகிற ஒருவருக்கு, அதிலும் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாத, புகைப்பழக்கத்தை விடாத நடுவயதுக்காரருக்கு, முதலில் ஈறைச் சரிசெய்யாமல் கம்பி மாட்டினால் பாட்டியின் ஆரூடம் பலித்துவிடும். ஈறைச் சரிசெய்த பிறகு மாட்டினால் ஐம்பது வயதிலும் பல் நகரும். எலும்பு செல்கள் வேலையை நிறுத்தியிருக்காது.

இதோடு ஒட்டிக்கொண்டு வருவதுதான் "க்ளீன் பண்ணினா பல் ஆடும்" என்பது. காரை பல காலமாக ஆடும் பற்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும், வீங்கிய ஈறு இடைவெளிகளை மறைத்திருக்கும். காரையை எடுத்து ஈறு வற்றியதும் ஏற்கெனவே இருந்த ஆட்டமும் சந்தும் வெளியே தெரிகின்றன. கம்பி போட்டிருக்கும்போது க்ளீனிங்கைத் தள்ளிப்போடுவதைவிட மோசமான சிக்கனம் வேறில்லை.

எனாமல் விஷயத்துக்கு வருவோம். ஆசிட் வைப்பது உண்மை. 1955-ல் அமெரிக்காவின் மைக்கேல் புவனகோர் பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்றாகப் பிடிக்கும் என்று கண்டுபிடித்தார். அதற்கு முன் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இன்று கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டைப் பல்லில் ஒட்டும் முன் 37 சதவீத அமிலம் அரை நிமிடத்துக்கு மேற்படாமல் வைக்கப்படுகிறது. அதில் போகும் எனாமல் ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு. பல் தேயப் போவது அதனால் இல்லை. எனாமலைத் தின்னும் வேறோர் அமிலம் இருக்கிறது; அதை யாரும் ஆசிட் என்று அழைப்பதில்லை. பிராக்கெட்டைச் சுற்றித் தங்கிய படலம் சர்க்கரையைப் புளிக்கவைத்துச் சுரக்கும் அமிலம் அது. அமிலம் கூடி பி.எச். 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்குகிறது. சரியாகத் துலக்காத வாயில் நான்கே வாரத்தில் பிராக்கெட் ஓரம் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைத் தடம் வந்துவிடும். கம்பி போட்டவர்களில் பாதிப் பேருக்கு ஒரு பல்லிலாவது இப்படி இருந்ததாக 1982-ல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வே சொன்னது. கம்பியைக் கழற்றிய அன்று வரிசை நேராகி, பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைக் கறையோடு சிரிக்கும் பிள்ளையைப் பார்த்துவிட்டுத்தான் "எனாமல் போச்சு" என்கிறார்கள். எனாமல் போனது நிஜம்தான். அதைத் தின்றது சாயங்காலம் வாய்க்குள் ஒட்டிக்கொண்ட ஜவ்வு மிட்டாய். முறுக்கும் சீடையும் கரும்பும் பிராக்கெட்டைப் பெயர்க்கும், அவ்வளவுதான்; அடுத்த வாரம் போய் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டும் இனிப்பு செய்வதை ஒட்ட முடியாது.

இதற்குத் தடுப்பு ஃப்ளோரைடு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் மாறும். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கூடிப்போய்ப் பல்லும் எலும்பும் பழுதாவதைக் கண்ட மாவட்டங்கள் அவை. ஆனால் அந்தப் பழுப்புக் கறை பல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், குடித்த நீரால் வருவது. பதின்மூன்று வயதில் முன்பல்லின் எனாமல் எப்போதோ உருவாகி முடிந்துவிட்டது. பற்பசையைப் பூசித் துப்புவதால் அந்தக் கறை வராது. இந்தியாவில் பற்பசையில் 1000 பி.பி.எம்.-க்கு மேல் ஃப்ளோரைடு சேர்க்கக் கூடாது என்பது சட்டம். கம்பி போட்டவர்களுக்கு அது போதாமல் போகலாம் என்பதால்தான் மருத்துவர் தனியாக வாய் கொப்பளிக்கும் மருந்து எழுதித் தருகிறார். பல்பொடியும் விரலும் கம்பிக்குப் பின்னால் போகாது. கம்பிக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடித்துத் தேய்க்க வேண்டும். கம்பிக்கு அடியில் நுழைகிற, பாட்டில் கழுவும் பிரஷ் போன்ற சின்னஞ்சிறு பிரஷ் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறது.

பல் பிடுங்கினால் கண் போகும் என்பதற்கு நீளமாகப் பதில் சொல்லத் தேவையில்லை. மேல் பல்லின் உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. நல்ல பல்லைப் பிடுங்கலாமா என்பது மட்டும் நியாயமான கேள்வி. அமெரிக்காவில் எட்வர்ட் ஆங்கிள் பிடுங்கவே கூடாது என்றார். கால்வின் கேஸ் சிலருக்குப் பிடுங்கத்தான் வேண்டும் என்றார். 1911-ல் இரு தரப்பும் பகிரங்கமாக மோதின. ஆங்கிளின் சீடரான சார்ல்ஸ் ட்வீட், குருவின் வழியில் பிடுங்காமல் சிகிச்சை செய்த பலருக்குப் பல் திரும்பக் கோணியதைப் பார்த்து, பிடுங்கி மறுபடி செய்து காட்டினார். இன்று ஆளைப் பொறுத்து முடிவு செய்கிறார்கள். ஏன் பிடுங்க வேண்டும், பிடுங்காவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டு வாங்குவது உங்கள் உரிமை.

"கழற்றினா பழையபடி போயிடும்": ஏறத்தாழ முழு உண்மை என்று சொன்னது இதைத்தான். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சிகிச்சை முடிந்து பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது மூன்றில் இரண்டு பேருக்குக் கீழ் முன்பற்கள் திரும்ப நெரிசலாகியிருந்தன. ஈறின் மேல்புற நார்கள் புதிய இடத்துக்குப் பழக ஓராண்டு வரை பிடிக்கும். அது போக, கம்பியே போடாதவர்களுக்கும் வயதாக ஆகக் கீழ்ப்பற்கள் நெரியத்தான் செய்கின்றன. ஞானப்பல்தான் தள்ளுகிறது என்று அதைப் பிடுங்குவதில் பலனிருப்பதாகச் சான்றில்லை. கம்பியைக் கழற்றிய பிறகு பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கும் ரீட்டெய்னரை மாட்டுவதுதான் வழி. அது மாதக் கணக்கில் முடிகிற சமாச்சாரம் இல்லை, வருடக் கணக்கு. ராத்திரி மட்டும் மாட்டினாலும் மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிகிச்சை தொடங்கும் நாளன்றே இதைச் சொல்லாத மருத்துவர்கள்தான் பாட்டியின் பேச்சுக்கு வலுச் சேர்க்கிறார்கள்.

மருத்துவமனை விளம்பரங்களிலும் ஒரு பொய் உலவுகிறது, எதிர்த்திசையில். "கோணல் பல்லை நேராக்காவிட்டால் ஈறு நோய் வரும்." நெரிசலான பல்லைத் துலக்குவது சிரமம், அது சரி. ஆனால் பல்லை நேராக்கியவர்களுக்குப் பின்னாளில் ஈறு நோய் குறைந்ததற்கு நம்பகமான சான்று, இதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. மேல்பல் நீட்டிக்கொண்டு விழுந்தால் உடையும் நிலை, கடி சேராமல் மேல் ஈறைக் கீழ்ப்பல் குத்துவது, பல் முளைக்காமல் எலும்புக்குள் சிக்கியிருப்பது, சிரிக்கக் கூச்சப்பட்டு வாயைக் கையால் மூடிக்கொள்வது, எல்லாம் கம்பி போடுவதற்கு நல்ல காரணங்கள்தான். பயமுறுத்தி விற்க வேண்டிய அவசியம் இல்லை.

பல்லை நகர்த்தப் போய்ப் பல்லே விழுவதும் உலகில் நடக்கிறது, ஆனால் அங்கே கம்பியும் இல்லை, மருத்துவரும் இல்லை. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் சந்து இருந்தால், வீடியோவைப் பார்த்துவிட்டுச் சின்ன ரப்பர் வளையத்தை இரண்டையும் சேர்த்து மாட்டிக்கொள்கிறார்கள். சில நாளில் சந்து மூடும். பார்க்கச் சந்தோஷமாகவே இருக்கும். பல்லின் வேர் நுனியை நோக்கிக் கூம்பிக்கொண்டே போவதால் ரப்பர் வழுக்கி ஈறுக்கு அடியில் போய்விடும், பிறகு வேரோடு ஏறி, பிடித்திருக்கும் நார்களையும் எலும்பையும் அறுத்துக்கொண்டே போகும். கண்ணாடியில் பார்த்தால் ரப்பர் காணாமல் போயிருக்கும். கழன்று விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். பல் ஆடத் தொடங்கிய பிறகே மருத்துவரிடம் வருவார்கள். பல நேரம் அதற்குள் இரண்டு பல்லும் கைவிட்டுப் போயிருக்கும். ரப்பர் எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் அப்படி ஒன்றை மாட்டியிருந்தால், வெட்கப்படாமல் மருத்துவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லிவிட வேண்டும்.