சத்தியம் ஏன் தவறுகிறது?

சம்பளத்தை அப்படியே வீட்டில் கொடுப்பதாகப் பிள்ளையின் தலையிலடித்துச் சத்தியம் செய்தவர், சம்பள நாள் மாலையே கசிப்பைக் குடித்துவிட்டு லயத்து வாசலில் விழுந்து கிடக்கிறார். "மானங்கெட்டவன்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

மூளையில் நடப்பதையும் நாம் அறிய வேண்டும். தொடர்ந்து குடிக்கும்போது டோபமின் என்ற இரசாயனம் திரும்பத் திரும்பச் சுரந்து, குடியே முதல் தேவை என்று மூளையைப் பழக்கிவிடுகிறது. சம்பளக் காசு கையில் பட்டாலே ஆசை கிளம்புகிறது. "வேண்டாம், பிள்ளைக்குக் கொப்பி வாங்க வேண்டும்" என்று தடுக்க வேண்டிய நெற்றிப்பக்க மூளையோ பலவீனப்பட்டுவிடுகிறது. மலைப்பாதையில் பிரேக் தேய்ந்த லொறியின் நிலைதான் அது.

இது நோய். திட்டினால் தீராது, சிகிச்சையால் தேறலாம். ஆனால் நெடுங்காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அரசாங்க வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். மனநல உதவிக்கு 1926 இலக்கம் உண்டு.

நோய் என்பதற்காக, மனைவியை அடிப்பவரை நாம் மன்னிக்கப் போவதில்லை.

தோட்டக் கமிட்டித் தலைவர்களே! சிகிச்சைக்குப் போகும் தொழிலாளியின் வேலை பறிபோகாமல் துரையிடம் பேசுவது நமது கடமை. கசிப்பு விற்பவரை "நமது ஆள்" என்று காப்பாற்றாதிருப்பதும் கடமையே. கூட்டத்துக்கு ஆள் சேர்க்கச் சாராயப் போத்தல் கொடுக்கும் வழக்கம் எங்கிருந்தாலும், அதை முதலில் நாமே நிறுத்துவோம்.