லூமன் பைத்தியமும் என் சைக்கிள் லைட்டும்

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஊருக்கு வருகிற நண்பர்கள், நானே செய்து சைக்கிளில் மாட்டியிருக்கும் லைட்டைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான். "எத்தனை லூமன்ங்க?" ஒற்றை 3 வாட் எல்இடி, 200 லூமன் வந்தாலே பெரிசு என்று சொன்னால் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். உடனே போனை எடுத்து, 500 ரூபாய்க்குள் 10,000 லூமன் என்று போட்டு விற்கிற ஒரு டார்ச்சைக் காட்டுவார்கள். "இதை வாங்கி ஹேண்டில்பார்ல கட்டிடுங்க. எதுக்கு இந்த வெட்டி வேலை?"

அந்த 10,000-ஐ ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துடலாம். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு 100 லூமனோ கொஞ்சம் மேலேயோ தரும். அப்படின்னா 10,000 லூமனுக்கு 100 வாட் கிட்ட வேணும். டார்ச்சுக்குள் இருப்பது ஒற்றை 18650 லித்தியம் செல். 3.7 வோல்ட், 2500 மில்லி ஆம்பியர் மணி என்று தாராளமாகவே வைத்தாலும் 9 வாட் மணி சொச்சம்தான் தேறும். 100 வாட் எடுத்தால் ஆறு நிமிஷம் தாங்காது, அந்த ஆறு நிமிஷத்தில் கையிலும் பிடிக்க முடியாது. பள்ளிக்கூடக் கணக்குங்க இது. மாசம் லட்சத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் இதைப் போட்டுப் பார்க்காமல் எனக்குச் சிபாரிசு செய்கிறார்களே என்பதுதான் எரிச்சல்.

சரி, பொய்யை விடுங்க. நிஜமாகவே அத்தனை லூமன் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம். சைக்கிள் லைட்டில் முதலில் பார்க்க வேண்டியது லென்ஸ். எல்இடி, பேட்டரி எல்லாம் அதுக்கு அப்புறம்.

ராத்திரியில் எங்களுக்கு சைக்கிள் எதற்கு என்று தெரியாதவர்களுக்காகச் சொல்றேன். த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரி முறையில் வருகிற நாட்களில், பதினோரு மணியானாலும் ரெண்டு மணியானாலும் தோட்டத்துக்குப் போய் மோட்டார் போடணும், மடை மாத்தணும். தார் ரோடு கொஞ்ச தூரம்தான். அப்புறம் இட்டேரி, ரெண்டு பக்கமும் கிளுவை வேலி. கடைசியில் மூணடி அகலத்துக்கு வாய்க்கால் கரை. எதிரே வருகிறவரும் தண்ணி கட்டிவிட்டுத் திரும்புகிறவர்தான். அறுபது, எழுபது வயசு இருக்கும். கண்ணில் புரை ஆரம்பித்திருந்தால் எதிர் வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே சிதறி, பாதை மொத்தமும் வெள்ளைப் புகையாகத்தான் தெரியும். ஒரு பக்கம் வாய்க்கால், கையில் மண்வெட்டி. அந்த இடத்தில் அவருக்கு நாலு விநாடி கண் போனால் என்ன ஆகும்? எங்க பக்கம் பேட்டரி லைட் வைத்திருக்கிறவர்கள் எதிரே ஆள் வந்தால் வெளிச்சத்தைக் காலடிக்கு இறக்குவது வழக்கம். இறக்காமல் வந்தால், "ஏங்கண்ணு, லைட்டைக் கீழ புடி" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும். ஹேண்டில்பாரில் கட்டின லைட்டை நினைத்தபோது இறக்க முடியாது. அந்த வேலையை லென்ஸ்தான் செய்யணும்.

எப்படிச் செய்யும்? லென்ஸ் இல்லாத எல்இடி சுமார் 120 டிகிரிக்கு வெளிச்சத்தை வாரி இறைக்கும். அதன்மேல் உட்காரும் 20 மில்லிமீட்டர் அக்ரிலிக் லென்ஸ் அதைச் சேர்த்து முன்னால் அனுப்புகிறது. 10, 30, 45, 60 டிகிரி என்று கிடைக்கும், விலை ரெண்டு டீ செலவுதான். 10 மீட்டர் தூரத்தில் 10 டிகிரி லென்ஸின் வட்டம் ஒண்ணே முக்கால் மீட்டர் அகலம். 30 டிகிரி என்றால் அஞ்சேகால் மீட்டருக்கு மேல். அதே 200 லூமன்தான், ஆனால் 10 டிகிரியில் தரையில் விழும் வெளிச்சம் 30 டிகிரியைவிட ஏறக்குறைய ஒன்பது மடங்கு அடர்த்தி. ஒரு மடையில் போகிற தண்ணியை ஒன்பது மடைக்குத் திறந்துவிட்டால் எந்தப் பாத்தி நனையும்?

சாய்மானம் இன்னும் முக்கியம். ஹேண்டில்பார் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடு வெளிச்சம் 9 மீட்டர் தள்ளித் தரையில் விழ வேண்டுமானால் லைட்டை 6 டிகிரி கீழே சாய்க்கணும். 10 டிகிரி லென்ஸில் மேல் விளிம்பு நடுவிலிருந்து 5 டிகிரி. அப்போதும் அது படுக்கைக் கோட்டுக்கு ஒரு டிகிரி கீழேயே நிற்கும், எதிரே வருகிறவர் கண்ணுக்கு ஏறாது. 30 டிகிரி லென்ஸில் மேல் விளிம்பு 15 டிகிரி. ஆறைக் கழித்தால் 9 டிகிரி மேலே போகிறது, 10 மீட்டரில் நிற்கிறவருடைய தலைக்கும் மேலே. அவ்வளவும் வீண் வெளிச்சம், அவர் கண்ணைக் குத்துகிற வெளிச்சம். நமக்கும் அதனால் லாபமில்லை. பக்கத்தில் இருக்கிற இலையெல்லாம் பளபளவென்று மின்ன, நம்ம கண் சுருங்கி, தூரத்துப் பாதை இருட்டாகிவிடும்.

"அப்போ 10 டிகிரி போதுமா, வேலியோரம் தெரியாதே?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. பாம்பு நடுப்பாதையில் மட்டும் படுத்திருக்காது. அதுக்குத்தான் நீள்வட்ட லென்ஸ் இருக்கு. முகப்பில் வரி வரியாக மேடு பள்ளம் இருக்கும், பழைய அம்பாசடர் கார் முன்விளக்குக் கண்ணாடியில் இருந்த மாதிரி. மேல் கீழாக 10 டிகிரி, பக்கவாட்டில் 45 டிகிரி. 10 மீட்டரில் எட்டு மீட்டர் அகலத்துக்கு வேலியோடு சேர்த்து இட்டேரி முழுசும் தெரியும், உயரம் மட்டும் ஏறாது. வரிகள் செங்குத்தாக நிற்கிற மாதிரி மாட்டணும். திருப்பி மாட்டினால் வெளிச்சம் பனைமரம் மாதிரி வானத்துக்கு நிற்கும். அதை வெட்டியாகப் போய் யாரும் ஏறப்போவதில்லை.

இன்னும் ரெண்டு விஷயம். சந்தையில் விற்கிற, இழுத்துத் தள்ளும் ஜூம் டார்ச்சில் இருப்பது ஒற்றைக் குவிலென்ஸ். முழுக்க இழுத்தால் எதிர்ச் சுவரில் சதுரமாக எல்இடி சில்லின் உருவமே விழும். பக்கவாட்டில் போகிற வெளிச்சம் லென்ஸையே தொடாமல் குழாய்க்குள் செத்துப்போகும். பெரிய மஞ்சள் வில்லை மாதிரி வருகிற சிஓபி எல்இடியும் சைக்கிளுக்கு ஆகாது. வெளிச்சம் கிளம்புகிற இடம் எவ்வளவு சின்னதோ அவ்வளவுக்குத்தான் சின்ன லென்ஸால் குவிக்க முடியும். லென்ஸ் அந்தந்த எல்இடிக்கென்று செய்தது, கூடவே வருகிற ஹோல்டரோடு வாங்கணும். உயரம் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் நடுவில் இருட்டு ஓட்டையும் சுற்றி வளையமும் வரும்.

லென்ஸ் மேல் எழுதியிருக்கும் டிகிரி என்பது வெளிச்சம் பாதியாகக் குறைகிற இடம். அதற்கு வெளியிலும் கொஞ்சம் சிந்தும். அதனால் மேல்பக்கம் கறுப்பு அடித்த ஒரு தகரத் துண்டைத் தொப்பி மாதிரி நீட்டி வைத்திருக்கேன். சுவருக்கு 5 மீட்டர் முன்னால் சைக்கிளை நிறுத்திப் பார்த்தால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு லைட் உயரத்துக்குக் கீழே, 80 சென்டிமீட்டர் பக்கத்தில் நிற்கணும். நின்றால் சரி.

ஜெர்மனியில் சைக்கிள் முன்விளக்கு எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்று சாலைச் சட்டத்திலேயே இருக்கு. நம்ம நாட்டில் சைக்கிள் மோட்டார் வாகனச் சட்டத்துக்குள்ளேயே வராது. சட்டம் இருக்கிற மோட்டார் வண்டிகள் மட்டும் என்ன வாழ்ந்தது? பொங்கலுக்கு ஊருக்கு வருகிற பைக்குகளில் கூடுதலாக நாலு வெள்ளை லைட், நாலும் கண் மட்டத்துக்கு. அந்த ஒரு வாரம் வாய்க்கால் கரையில் பெரியவர்கள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள். தீவாளிக்கும் அதே கதை. ஓட்டுகிற பையன்களுக்கு, ஏன் இறங்கி நிற்கிறார்கள் என்பதுகூடத் தெரியாது. மரியாதை என்று நினைத்துக் கையாட்டிவிட்டுப் போகிறார்கள்.

அடுத்த தடவை எனக்கு ஏதாவது வாங்கி வர்றதா இருந்தா டார்ச் வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனால், 20 மில்லிமீட்டர், 10க்கு 45 நீள்வட்ட லென்ஸ், ஹோல்டரோடு நாலு. மேலத்தோட்டத்துப் பெரியப்பா சைக்கிளுக்கு ஒண்ணு செஞ்சு தர்றதா சொல்லியிருக்கேன்.